செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கல: இம்மொபிலைசரையும் அவசரக் குறியீட்டையும் அறிகுறி வைத்துச் சோதிப்பது

சரியான சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாதபடி தடுக்கும் மின்னணுப் பூட்டுதான் இம்மொபிலைசர். மீட்டர் போர்டில் சாவிப் படம் மின்னினால் "இம்மொபிலைசர் போச்சு" என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொல்லிக் கழற்றப்படும் வண்டிகளில் நிறைய, பேட்டரியோ எர்த்தோ ஷெல் (பிளாஸ்டிக் கூடு) மாற்றிய சாவியோதான் காரணமாக இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டரைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் இவை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், வண்டிக் கம்ப்யூட்டரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், சமையலறை அலுமினியத் தாள், வண்டியின் இரண்டு சாவிகள் இருந்தால் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

முதலில் எந்த எண் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். புது வண்டியோடு வரும் தகட்டிலோ அட்டையிலோ இருப்பது சாவி எண். அது சாவியின் பல்லை வெட்டுவதற்கு மட்டும். இம்மொபிலைசர் பின் நம்பர் வேறு. ஸ்கேனரை மாட்டிப் புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்த அது வேண்டும். மூன்றாவது, சாவி படிக்கப்படாதபோது வண்டியை எடுக்க உதவும் அவசர ஸ்டார்ட் குறியீடு. எல்லா வண்டிக்கும் இது கிடையாது, பழைய ஃபியட் போன்ற சிலவற்றுக்கே உண்டு. சாவி எண்ணைப் பின் நம்பர் என்று நினைத்து ஸ்கேனரில் அடித்து வண்டியைப் பூட்டிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

சாவித் தலைக்குள் சின்னக் கண்ணாடிக் குழாய் போலவோ கறுப்பு ஆப்பு போலவோ ஒரு சிப் இருக்கும். அதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள காயில் (கம்பிச் சுருள்) 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் காந்தப்புலம் எழுப்பும். அந்தச் சக்தியிலேயே சிப் பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் எரிபொருளை விடும். கதவு திறக்கும் ரிமோட் தனி. நம் ஊர் வண்டிகளில் அது பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும், அதற்கு மட்டும்தான் செல் வேண்டும். ஆகவே சாவி போட்டுத் திருகும் வண்டியில் ரிமோட் செல் தீர்ந்ததால் இன்ஜின் எடுக்கவில்லை என்பது சரியான விளக்கம் அல்ல.

வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே செய்ய வேண்டிய சோதனை

கோளாறு வந்த பிறகு சோதித்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. நல்ல நிலையில் மீட்டர் போர்டின் சாவிப் பட விளக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதை இப்போதே குறித்து வையுங்கள். இக்னிஷன் ஆன் செய்ததும் ஓரிரு நொடி எரிந்து அணைகிறதா, எரியவே இல்லையா, வண்டி பூட்டியிருக்கும்போது மெதுவாக மின்னுகிறதா என்று பாருங்கள். இது மாடலுக்கு மாடல் மாறும். பூட்டிய வண்டியில் மெதுவாக மின்னுவது பல மாடல்களில் காவல் அறிகுறிதான், கோளாறு இல்லை.

அடுத்தது சாவித் தலையை மறைத்துப் பார்ப்பது. நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். இரண்டாவது சாவியை மூன்று மீட்டருக்கு அப்பால் வையுங்கள். அதே வளையத்தில் வேறு வண்டிச் சாவி இருந்தால் கழற்றிவிடுங்கள். அலுமினியத் தாளை ஐந்து சுற்று, இடைவெளி இல்லாமல், சாவியின் தலை முழுவதும் மூடும்படி இறுக்கிச் சுற்றுங்கள். பல் பகுதி மட்டும் வெளியே தெரிய வேண்டும். வண்டி ஒரு நிமிடமாவது ஆஃபில் இருந்த பிறகு சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

மூன்று விதமாக நடக்கலாம். செல்ஃப் அடிக்கும், இன்ஜின் பிடிக்காது. அல்லது பிடித்து ஓரிரு நொடியில் நிற்கும். அல்லது செல்ஃபே எடுக்காது. மூன்றும் சரிதான், உங்கள் வண்டி எந்த வகை என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எதுவும் நடக்காதது போல ஓடினால் முதலில் தாளைச் சந்தேகப்படுங்கள். சாவிக் கழுத்தின் பக்கம் ஒரு சின்ன இடைவெளி இருந்தாலே காயில் சிப்பைப் படித்துவிடும். இன்னும் இறுக்கிச் சுற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் ஓடினால் ஸ்டியரிங் கவருக்குள் பார்க்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் முன்பு யாரோ அலாரம் மாட்டும்போதோ சாவி தொலைந்தபோதோ ஒரு சிப்பைக் காயிலின் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். வெறும் பல் வெட்டிய சாவியே அந்த வண்டியை எடுத்துவிடும். அதை உடனே எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு நொடியில் நிற்கிறது

எல்லாரையும் குழப்புவது இதுதான். பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தாலும் ஸ்டார்ட் ஆகி நிற்கும், இன்ஜினுக்குக் காற்று போகும் திராட்டில் பாடியில் கரி பிடித்திருந்தாலும் நிற்கும். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. நான்கு முறை ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு முறையும் எத்தனை நொடி ஓடியது என்று எண்ணுங்கள். இம்மொபிலைசர் நிறுத்தினால் நான்கு முறையும் ஒரே நேரம்தான். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் அந்த நேரம் நீளாது, ஸ்விட்சை அணைத்தது போலச் சுத்தமாக நிற்கும். எரிபொருள் குறைவானால் நேரம் மாறும், இன்ஜின் இருமித் தடுமாறி நிற்கும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் நிற்காமல் ஓடுகிறது என்றால் கவனம் ஐடில் (மிதிக்காமல் ஓடும் வேகம்) பக்கம், திராட்டில் பாடிக்குப் போக வேண்டும்.

நேரம் மாறவில்லை, விளக்கும் மின்னுகிறது என்றால் இரண்டாவது சாவியைப் போடுங்கள். அதில் ஓடினால் வண்டியில் கோளாறு இல்லை, முதல் சாவியின் சிப்பில்தான். அந்தச் சாவியின் ஷெல் அண்மையில் மாற்றப்பட்டதா? உடைந்த ஷெல்லுக்குப் பதிலாகப் புது ஷெல் வாங்கும்போது கடைக்காரர் பல்லையும் ரிமோட் போர்டையும் மாற்றிவிட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்த சிப்பைப் பழைய ஷெல்லோடு விட்டுவிடுவார். பழைய ஷெல்லைக் கையோடு வாங்கி வாருங்கள், சிப் புது ஷெல்லுக்கு மாறிய பிறகு மட்டும் தூக்கிப் போடுங்கள்.

இரண்டு சாவியிலும் அதே கோளாறு என்றால் காயில் பக்கம் வருவோம். லைட்டர் சாக்கெட்டில் மலிவான யுஎஸ்பி சார்ஜர் இருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள். அதன் இரைச்சல் காயிலின் குறைந்த அலைவரிசையில் கலந்து சிப்பின் பதிலைக் கெடுப்பது உண்டு. மாற்றம் இல்லையென்றால் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, ஏர்பேக் மின்சாரம் இறங்கக் குறைந்தது மூன்று நிமிடம் காத்திருந்து, ஸ்டியரிங் கீழ்க் கவரைத் திறங்கள். காயிலின் கப்ளரை (வயர் இணைப்பான்) பிடுங்கி அதன் உலோகப் பின்களைப் பாருங்கள். வட சென்னையில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடலைப் பார்த்தபடி நிற்கும் வண்டிகளில் பின் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய் ஒரே மழைக்காலத்தில் மறுபடி பூக்கும்.

காயிலுக்கு இரண்டே வயர் என்றால் கப்ளரைப் பிடுங்கிய நிலையில் ஓம் பாருங்கள். மீட்டர் ஓஎல் (OL, இணைப்பே இல்லை) காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, காயிலை மாற்ற வேண்டும். மூன்று நான்கு வயர் என்றால் உள்ளே சர்க்யூட் இருக்கிறது. அதை ஓம் மீட்டரால் அளப்பதில் பயனில்லை. பேட்டரியை மாட்டி, இக்னிஷன் ஆனில் சப்ளை வருகிறதா, எர்த் சரியா என்று பாருங்கள். எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுத்தம் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஸ்கேனரில் வரும் கோளாறுக் கோடு (code) பி0513 என்றால் தவறான சாவி. பி0633 என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரில் சாவி பதிவாகவில்லை. யு0167 என்றால் இம்மொபிலைசர் பெட்டியோடு தொடர்பே இல்லை, அங்கே சாவியைக் குறை சொல்ல வேண்டாம், ஃப்யூஸையும் வயரிங்கையும் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் பி1570 வந்தால் இம்மொபிலைசர்தான் ஸ்டார்ட்டைத் தடுத்தது என்று நேரடியாகவே அர்த்தம். மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும்தான் படிக்கும். அதில் கோடு இல்லை என்பதால் பாடி கன்ட்ரோல் பெட்டியிலும் (விளக்கு, பூட்டு போன்றவற்றைக் கவனிக்கும் கம்ப்யூட்டர்) இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அறிகுறி: செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பிடிக்கவே இல்லை

விளக்கு வழக்கம்போல எரிந்து அணைகிறதா? நல்ல நாளில் குறித்ததோடு ஒப்பிடுங்கள். வழக்கம்போல இருந்தால் இம்மொபிலைசரை விட்டுவிடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசைகிறதா என்று பாருங்கள். அசையவே இல்லை, கோடு பி0335 என்றால் இன்ஜின் சுற்றுவதைக் கண்டறியும் கிராங்க் சென்சார். விளக்கு மின்னினால் மேலே சொன்ன சாவி, காயில் சோதனைகள்தான்.

பம்ப் சத்தத்தை வைத்து முடிவெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இக்னிஷன் ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி "உய்ய்" என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றதும் பம்ப் போய்விட்டது என்று டேங்க்கை இறக்குவார்கள். சில வண்டிகளில் சாவியை அடையாளம் காணாதபோது பம்ப்பையும் சேர்த்தே நிறுத்திவிடும். ஆகவே விளக்கு சரியாக இருந்து பம்ப் பேசாமல் இருந்தால் மட்டுமே பம்ப் பக்கம் போங்கள்.

வாடகைக்கு ஓடும் வண்டி, ஃபைனான்ஸில் எடுத்த வண்டி என்றால் ஜிபிஎஸ் கருவியோடு இன்ஜினை நிறுத்தும் ஒரு இன்ஜின் கட் ரிலே இருக்கலாம். பேஸ் மாடலில் வெளிக் கடையில் மாட்டிய சென்ட்ரல் லாக் அலாரத்திலும் அப்படியே. ஸ்டியரிங்குக்கு அடியில், வயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டில்தான் இவை தொங்கும். ரிலேவைத் தட்டிப் பார்க்கும்போது வண்டி எடுத்தால் கம்பெனி இம்மொபிலைசருக்கு இதில் சம்பந்தமில்லை. அந்த ஜாயின்ட்டைச் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டு மறுபடி செய்ய வேண்டும்.

அறிகுறி: செல்ஃபே எடுக்கவில்லை, அல்லது "டிக் டிக்"

டிக் டிக் என்றால் முதலில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதி சார்ஜ். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் கம்ப்யூட்டர்கள் பேச்சை நிறுத்திவிடும், விளக்கும் தாறுமாறாக மின்னும், ஸ்கேனரில் இம்மொபிலைசர் கோடும் பொய்யாக வரும். சார்ஜ் ஏற்றி, கோடை அழித்து, மறுபடி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அதை நம்பலாம். சத்தமே இல்லையென்றால் கிளட்ச் ஸ்விட்ச், ஆட்டோமேட்டிக்கில் கியரின் பி (P), என் (N) நிலை, செல்ஃப் ரிலே என்று வரிசையாகப் போங்கள்.

அறிகுறி: பட்டன் ஸ்டார்ட் வண்டியில் "சாவி இல்லை" என்று வருகிறது

இங்கே மட்டும் செல் முக்கியம். புது சிஆர்2032 சுமார் 3.2 வோல்ட் காட்டும். 2.8க்கு வந்தால் மாற்றுங்கள். 3.0 காட்டினாலும் சந்தேகம் இருந்தால் மாற்றிப் பாருங்கள். லித்தியம் செல் சும்மா இருக்கும்போது நல்ல எண் காட்டும், ரிமோட் சிக்னல் அனுப்பும் அந்த நொடியில் சரிந்துவிடும். சில ரிமோட்டுக்கு சிஆர்2025 அல்லது சிஆர்1620 வரும். தடிமன் மாறிய செல்லைத் திணித்தால் தகடு வளைந்து பிறகு எந்தச் செல்லும் தொடாது. ரிமோட்டையும் மொபைலையும் ஒரே பையில் வைக்காமல் பிரித்தும் பாருங்கள்.

உண்மையான சோதனை செல்லைக் கழற்றிவிட்டுச் செய்வது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்து டிரைவர் கதவைத் திறங்கள். துளை சில மாடல்களில் கைப்பிடி மூடிக்குள் இருக்கும். அலாரம் அடிக்கலாம், பதற்றப்படாமல் உள்ளே உட்கார்ந்து பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதியுங்கள். சில வண்டியில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்த வேண்டும், சிலவற்றில் ரிமோட்டாலேயே பட்டனை அழுத்த வேண்டும், சிலவற்றில் கன்சோலில் தனி இடம் இருக்கும். உங்களுடையது எது என்று கையேட்டில் பார்த்துக் குறித்து வையுங்கள். செல் இல்லாமல் வண்டி எடுத்தால் அவசர வழி உயிரோடு இருக்கிறது.

வட சென்னையில் இந்தச் சோதனை தோற்கும் இடம் பெரும்பாலும் கதவுப் பூட்டுதான். ரிமோட்டிலேயே திறந்து பழகிய பூட்டுக்குள் உப்புக்காற்றும் தூசியும் ஏறி, நான்கைந்து வருடத்தில் இரும்புச் சாவி திரும்பாமல் போகும். பலமாகத் திருகினால் அந்த மெல்லிய சாவி உள்ளேயே முறியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிராஃபைட் பவுடரைத் துளையில் ஊதி, சாவியைப் போட்டு இரண்டு பக்கமும் பத்து முறை திருப்புங்கள். இன்ஜின் ஆயில் விடாதீர்கள், அது தூசியைப் பிடித்துக் களிம்பாக்கும்.

அறிகுறி: டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கிறது, வண்டியை எடுக்கவில்லை

இது கோளாறே இல்லை. பல் வெட்டியாயிற்று, சிப் பதிவாகவில்லை. பின் நம்பரோடு ஸ்கேனரில் பதிய வேண்டும்.

அறிகுறி: வெள்ளத்தில் நின்ற பிறகு

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை, மணலி தெருக்களில் சீட் வரை தண்ணீர் ஏறிய வண்டிகளை மறக்க முடியாது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் மாட்டிய வண்டிக்கும் இதே விதி: இக்னிஷனைத் தொடாதீர்கள். பல வண்டிகளில் பாடி கன்ட்ரோல் பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்கும். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் போர்டு வேகமாக அரிக்கும். நெகட்டிவ்வைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, பெட்டியைப் பிரித்துக் காயவிடுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் நிறமாக இருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

2023ல் எண்ணூர் பக்கம் வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. எண்ணெய்ப் படலம் படிந்த கப்ளரைத் துணியால் துடைத்தால் போதாது, கான்டாக்ட் கிளீனரால் கழுவி, ஒவ்வொரு பின்னாகப் பார்க்க வேண்டும். ரிமோட் சாவி நனைந்திருந்தால் செல்லை உடனே எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தடவி, ஒரு நாள் காயவிடுங்கள். ரிமோட் போர்டு செத்தாலும் தனிச் சிப் உள்ள சாவியில் சிப் மூடியே இருப்பதால் இன்ஜின் எடுக்கும்.

அறிகுறி: கம்ப்யூட்டர் மாற்றிய பிறகு எடுக்கவில்லை

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் அதே பார்ட் நம்பர் பார்த்து வாங்கி வந்த இன்ஜின் கம்ப்யூட்டர், தன் பழைய வண்டியின் இம்மொபிலைசரைத்தான் தேடும். பெட்டி நல்லதாகவே இருந்தாலும் ஸ்டார்ட் ஆகி நிற்கும். முறையாக இணைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்ட பிறகு காசு கொடுங்கள். சில மாடல்களில் இணைத்ததை அழிக்க வழி இல்லை. பேட்டரி மாற்றிய பிறகு எடுக்கவில்லை என்று சொன்னால் அது வேறு. சாவிப் பதிவுகள் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கும், பேட்டரி கழற்றியதால் தொலையாது. டெர்மினல் இறுக்கத்தைப் பாருங்கள்.

அவசரக் குறியீட்டைச் சோதிப்பது

1999ல் இங்கே வந்த சியெனா, 2001ல் வந்த பாலியோ போன்ற ஃபியட் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றோடு வந்த கோட் அட்டையில் (code card) ஐந்து இலக்க மின்னணுக் குறியீடும், சாவி வெட்டும் எண்ணும் தனித்தனியாக இருக்கும். சாவி படிக்கப்படாதபோது ஐந்து இலக்கத்தை ஆக்சிலரேட்டர் வழியாகக் கொடுக்கலாம்.

இக்னிஷன் ஆன் செய்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடியுங்கள். இன்ஜின் விளக்கு சுமார் எட்டு நொடி எரிந்து அணையும், காலை எடுங்கள். விளக்கு மின்னத் தொடங்கும், எண்ணுங்கள். முதல் இலக்கம் 4 என்றால் நாலாவது மின்னலில் மிதித்துப் பிடியுங்கள். விளக்கு எரிந்து சுமார் நாலு நொடியில் அணைந்ததும் காலை எடுங்கள். மீதி நான்கு இலக்கமும் இதே மாதிரி. எல்லாம் சரியென்றால் விளக்கு வேகமாக மின்னும். அப்போது சாவியை ஆஃபுக்குக் கொண்டுபோகாமல் அப்படியே ஸ்டார்ட்டுக்குத் திருப்ப வேண்டும். பழக்கத்தில் ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்பவர்கள் முழுவதையும் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும். விளக்கு மின்னாமல் எரிந்தபடியே நின்றால் எண்ணிக்கை தவறிவிட்டது, ஆஃப் செய்து முதலிலிருந்து வாருங்கள். ஒருவர் மிதிக்க, பக்கத்தில் ஒருவர் வாய்விட்டு எண்ணினால் தவறாது. குறியீடு ஒரு ஸ்டார்ட்டுக்கு மட்டும்தான், வழியில் நிறுத்தினால் மறுபடி கொடுக்க வேண்டும். மிதியின் கேபிள் தளர்ந்து திராட்டில் முழுதாகத் திறக்காத வண்டியில் இது முதல் படியிலேயே நின்றுவிடும். குறியீடு தப்பு என்று சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.

பின் நம்பர் வேண்டுமென்றால் ஆர்சியும் அடையாள அட்டையும் காட்டி டீலரிடம் கேளுங்கள். அங்கே கொடுக்கும் சேஸிஸ் எண் 17 எழுத்தும் இலக்கமும் கொண்டது, அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம், கோடாகத் தெரிவது ஒன்று. இதைத் தவறாக எழுதிக் கொடுத்தால் சரியான பின் நம்பர் கைக்கு வராது. பல வண்டிகளில் பின் நம்பர் மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி முயலக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தை இக்னிஷன் ஆனில் வைத்துத்தான் சில வண்டிகள் கணக்கிடும், ஆகவே பேட்டரி சார்ஜரை மாட்டிவிட்டுக் காத்திருங்கள். இரண்டு முறை தவறியதும் நிறுத்தி எண்ணைச் சரிபார்ப்பது மேல். பின் நம்பரையும் கோட் அட்டையையும் டேஷ்போர்டு பெட்டியில் வைக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஸ்கேனர் மாட்டியிருக்கும்போதே பதிவான சாவிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். கையில் இரண்டு, திரையில் மூன்று என்றால் மூன்றாவது யாரிடமோ இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வண்டியில் எல்லாவற்றையும் அழித்து, கையில் இருக்கும் இரண்டையும் ஒரே அமர்வில் மறுபடி பதியச் சொல்லுங்கள். அழிக்கும் நேரத்தில் இரண்டு சாவியும் வண்டிக்குள் இருக்க வேண்டும், வீட்டில் விட்டு வந்த சாவி அதோடு செல்லாததாகிவிடும். வண்டி திருடுபோனால் இன்ஷூரன்ஸில் இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பார்கள், அதனால் அழிக்கப்பட்ட சாவியையும் தூக்கிப் போடாமல் சீட்டு ஒட்டி வையுங்கள்.